வெல்வெட் துணி சொன்ன விடை

மருந்தைக் கண்ட பிறகுதான் கிருமி எதிர்ப்புச் சக்தி பெறுகிறதா? அல்லது அந்தச் சக்தியுள்ள கிருமி முன்பே கூட்டத்தில் ஒளிந்திருக்கிறதா? விஞ்ஞானிகளை வாட்டிய கேள்வி இது.

விடை சொன்னது ஒரு துண்டு வெல்வெட் துணி!

அமெரிக்காவில், விஸ்கான்சின் சர்வகலாசாலையில் நடந்த ஆராய்ச்சி. கிருமிகள் வளர்ந்த தட்டின் மீது வெல்வெட்டை முத்திரைபோல ஒற்றி எடுத்தார்கள். அதையே மருந்து கலந்த பல தட்டுகளில் வரிசையாகப் பதித்தார்கள். எல்லாத் தட்டுகளிலும் அதே அதே இடத்தில் சில கிருமிகள் பிழைத்தன. முதல் தட்டிலோ மருந்தே கிடையாது. ஆகவே, எதிர்ப்பை மருந்து உண்டாக்கவில்லை. மற்றவற்றைக் கொன்று, அதற்கு வழிவிடுகிறது. கண்ட மருந்தையும் வாங்கி விழுங்குவோர் கவனிக்க!

1952-ல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் இரண்டு பெயர்கள்: ஜோஷுவா லெடர்பெர்க், அவர் மனைவி எஸ்தர் லெடர்பெர்க். 1958-ல் நோபல் பரிசில் பாதி கணவருக்குக் கிடைத்தது. 1946-லேயே அவர் செய்த கண்டுபிடிப்புக்கும் அதில் பங்குண்டு, அது இருக்கட்டும். உத்தியோகத்தில் நடந்தது என்ன? 'லாம்டா' என்ற புகழ்பெற்ற வைரஸைக் கண்டுபிடித்தவர் எஸ்தர் அம்மையார். அவருக்கு ஸ்டான்போர்டு சர்வகலாசாலை 1974-ல் கொடுத்தது, நிரந்தரமில்லாத பேராசிரியர் பதவி! இதை நியாயம் என்று யார் சொல்வார்?

1976-ல் அங்கே பிளாஸ்மிட் பதிவு நிலையத்துக்கு அவர் தலைவரானார். மருந்தெதிர்ப்பைக் கிருமிக்குக் கிருமி சுமந்து செல்லும் மரபு வளையங்களே பிளாஸ்மிட்கள். அவற்றுக்குப் பெயரிட்டுப் பதிவு செய்து, கேட்ட ஆராய்ச்சியாளர்களுக்கெல்லாம் அனுப்பி வைத்தது அந்த நிலையம்.