ஆய்வேட்டை வடிவமைப்பதும் ஆய்வுக் கல்வியே

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தறுவாயில் நம் ஆய்வாளர்கள் பலருடைய இறுதி வாரங்கள் பக்க எண்களோடும் எழுத்துருக்களோடும் போராடுவதிலேயே கழிகின்றன. நெறியாளர் இரண்டாம் இயலில் ஓர் அட்டவணையைச் சேர்க்கச் சொல்கிறார். அதன் பின்வரும் அட்டவணைகளின் எண்கள் மாறுகின்றன, ‘அட்டவணை 2.4இல் காண்க’ என்று முன்னர் எழுதிய இடங்கள் பிழையாகின்றன. பொருளடக்கத்தின் பக்க எண்கள் பொருந்தாமல் போகின்றன. ஒவ்வொன்றாகத் திருத்திச் சலித்தவர்கள், கோப்பைப் பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே உள்ள டிடிபி கடையில் ஒப்படைக்கிறார்கள். உதவித்தொகையின் ஒரு பகுதி அங்கே செல்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு, ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதியதன் இறுதி உருவம் அதன் பொருளை அறியாத ஒருவர் கைக்குப் போய்விடுவது. மேற்கோளில் ஓர் ஆண்டு மாறினாலும் அடிக்குறிப்பு ஒன்று இடம்பெயர்ந்தாலும், வாய்மொழித் தேர்வில் விடை சொல்ல வேண்டியவர் ஆய்வாளரே.

லேடெக் போன்ற குறிமொழி ஒன்றில் ஆவணம் எழுதும் பயிற்சியை எல்லாத் துறை ஆய்வாளர்க்கும் முதலாண்டிலேயே அளிக்க வேண்டும் என்பது என் கருத்து. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் மட்டுமே உரிய கருவி என்று அதை ஒதுக்கிவைத்ததால் கலைப்புல ஆய்வாளர்களே அதிகம் இழந்திருக்கிறோம்.

குறியிடும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. ஈய எழுத்துகளை அடுக்கிய காலத்தில் பதிப்பாசிரியர் கையெழுத்துப் படியின் ஓரத்தில் ‘இது தலைப்பு’, ‘இது மேற்கோள், உள்ளொடுக்கி அமைக்க’ என்று அச்சுக்கோப்பவருக்குக் குறிப்பு எழுதுவார். அக்குறிப்பு அச்சில் வராது; ஆனால் அச்சின் வடிவத்தை அதுவே தீர்மானிக்கும். லேடெக் கட்டளையும் அதே பணியைச் செய்கிறது. பின்சாய்வுக் கோடு ஒன்றை இட்டு, ‘செக்‌ஷன்’ என்னும் கட்டளையை எழுதி, நெளிவு அடைப்புக்குள் தலைப்பைத் தந்தால் போதும். அதன் எண், எழுத்தின் அளவு, மேலும் கீழும் விட வேண்டிய இடம், பொருளடக்கத்தில் அதன் வரிசை ஆகியவற்றை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஓர் அட்டவணைக்கு ‘லேபிள்’ கட்டளையால் பெயர் சூட்டி, வேண்டிய இடத்தில் ‘ரெஃப்’ கட்டளையால் அப்பெயரைச் சுட்டினால், அட்டவணை எங்கு நகர்ந்தாலும் எண் தானே மாறும். நூல் விவரங்களைத் தனிக்கோப்பில் ஒருமுறை பதிந்துவிட்டால், துணைநூற்பட்டியலை ஓர் இதழின் முறையிலிருந்து மற்றோர் இதழின் முறைக்கு மாற்றச் சில வரிகளே போதும்.

நேரம் மிச்சமாவது மட்டும் இதன் பயன் என்றால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. தலைப்பைத் தடித்த எழுத்தில் பெரிதாக்கினால் அது கண்ணுக்குத் தலைப்பு. கணினிக்கு வெறும் தடித்த எழுத்து. குறிமொழியில் எழுதுபவரோ ஒவ்வொரு பகுதியையும் ‘இது என்ன?’ என்று கேட்டே எழுத வேண்டியிருக்கிறது. இது தனி இயலா, உட்பிரிவா? இச்செய்தி வாதத்துக்குள் வர வேண்டியதா, அடிக்குறிப்புக்குப் போக வேண்டியதா? விடை கூறத் தயங்கும் இடத்தில் பெரும்பாலும் வாதமே தளர்ந்திருக்கும். இச்சிந்தனை நம் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களாகவும், ஒவ்வோர் அதிகாரமும் ஒன்பது இயல்களாகவும் பகுக்கப்பட்டுள்ளது. திருக்குறளைப் பக்க எண்ணால் சுட்டினால் பதிப்பு மாறும்போது அச்சுட்டு பயனற்றுப்போகும். குறள் எண்ணால் சுட்டினால், பரிமேலழகர் வைப்புமுறையைப் பின்பற்றும் எப்பதிப்பிலும் அது நிலைக்கும்.

இக்கருவி பிறந்ததே ஓர் ஆசிரியரின் பொறுப்புணர்விலிருந்துதான். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்டு நூத், 1977இல் தம் நூலின் இரண்டாம் தொகுதியுடைய புதிய பதிப்புக்கான அச்சுப்படியைக் கண்டு, அதன் தரம் பொறாமல், தாமே ஓர் அச்சமைப்பு மென்பொருளை உருவாக்க முற்பட்டார். விரைவில் முடியும் என அவர் எண்ணிய பணி ஏறத்தாழப் பத்தாண்டு நீண்டது. அவ்வாறு பிறந்த டெக் மென்பொருளை அனைவருக்கும் இலவசமாக வழங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களின் தொடக்கத்தில் கட்டியெழுப்பியதே லேடெக்.

லேடெக் எளிது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நெளிவு அடைப்பை மூட மறந்தால், பிழைச்செய்தி வேறெங்கோ ஒரு வரியைக் காட்டும். படம் நாம் வைத்த இடத்தில் நில்லாமல் அடுத்த பக்கத்துக்குத் தாவும். நெறியாளர்கள் பலர் வேர்டு கோப்பிலேயே திருத்தம் குறித்துப் பழகியவர்கள்; கலைப்புல இதழ்கள் பலவும் அதையே கேட்கின்றன. இவை மெய்யான இடர்கள். ஆயினும் ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றித்தரும் பாண்டாக் என்னும் இலவசக் கருவி இருக்கிறது. அதை உருவாக்கிய ஜான் மெக்ஃபார்லேன் ஒரு தத்துவப் பேராசிரியர். வேர்டை விட முடியாதவர்கள் அதிலுள்ள ‘ஸ்டைல்ஸ்’ வசதியை முறையாகப் பயன்படுத்தினாலும் இப்பாடத்தின் பெரும்பகுதி கைவரும். நான் வற்புறுத்துவது ஒரு மென்பொருளை அன்று, பொருளையும் தோற்றத்தையும் பிரித்துக் காணும் பயிற்சியை.

தமிழில் ஆய்வேடு எழுதுவோருக்கு இது இன்னும் முக்கியம். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். அத்தகைய ஆய்வேடு சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறினாலும், அதனுள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிக் கண்டடைவது அரிது. நூத்தின் டெக் ஒருங்குறிக்கு முற்பட்டது என்பது உண்மை. எனினும் ஜோனதன் கியூ 2004இல் வெளியிட்ட ஸீடெக், ஒருங்குறித் தமிழை நேரடியாக ஏற்கிறது. லேடெக்கில் தமிழ் வராது என்று இன்னமும் சொல்வோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2019 இறுதியில் ஆய்வு அறம், வெளியீட்டு அறம் குறித்த 2 கிரெடிட் பாடத்தை முனைவர் பட்ட ஆய்வாளர்க்குக் கட்டாயமாக்கியது. மேற்கோளின் அறத்தைக் கற்பிக்கும் நாம், மேற்கோளைப் பிழையின்றிப் பேணும் தொழில்நுட்பத்தைக் கற்பிக்காமல் விடுவது முறையாகுமா? ஆய்வுமுறையியல் தாளில் சில மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லேடெக் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இடம் எத்தனை அங்குலம், எழுத்து எத்தனை புள்ளி என்று விதி வகுக்கும் பல்கலைக்கழகங்கள், அவ்விதிகளை உள்ளடக்கிய வார்ப்புருக் கோப்பு ஒன்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்துள்ள ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமர்ப்பிக்கும் மாதத்தில் இதைத் தொடங்காதீர்கள்; அப்போது எதையும் கற்க மனம் இடங்கொடாது. இப்பருவத்தில் எழுதவிருக்கும் பத்துப் பக்கக் கருத்தரங்கக் கட்டுரையை லேடெக்கில் எழுதிப் பாருங்கள். தலைப்பு, அடிக்குறிப்பு, அட்டவணை, மேற்கோள் ஆகிய நான்குக்கும் உரிய கட்டளைகளே அதற்குப் போதுமானவை.