ஓர்க்கர் எத்திணை?

கற்பனைதானே, அதில் நியாயம் பார்க்கலாமா என்று கேட்போர் எம்மிடையே பலருளர். கதைஞன் படைக்கும் உலகுக்கு அவனே அதிபதி. அங்கே பறவை பேசலாம், மரம் நடக்கலாம், மாண்டவர் மீளலாம். ஏன் என்று கேட்பவன் சுவையறியாதவன் என்பது இவர்களுடைய தீர்ப்பு. மரம் நடப்பதில் எமக்கு ஆட்சேபமில்லை. ஆயின் பேசவும் சிந்திக்கவும் வல்ல ஓர் இனத்தார் அனைவரும் பிறப்பினாலேயே கொடியவர், அவர்களைக் கொல்வதிற் பழியில்லை என்று ஒரு கதை கூறுமாயின், அதனை நடக்கும் மரத்தோடு சேர்த்து எண்ண முடியாது. அது மனிதரைப் பற்றிய ஒரு கூற்று. அக்கூற்றோடு வாதிட எமக்கு உரிமையுண்டு, கடமையுமுண்டு.

இத்தகைய கற்பனை உலகங்களுள் இன்று மிகப் பரந்த செல்வாக்குப் பெற்றிருப்பது, ஒக்ஸ்போட் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். ரொல்கீன் படைத்த 'நடுவுலகம்'. 1937இல் வெளிவந்த 'ஹொபிற்' என்னும் சிறுவர் கதையிலும், 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த 'மோதிரங்களின் அதிபதி' என்னும் பெருங்கதையிலும் அவ்வுலகம் விரிகின்றது. நூலைப் படியாத மாணவரும் 2001 முதல் 2003 வரை வெளிவந்த திரைப்படங்களின் வாயிலாக அதனை அறிவர்.

அவ்வுலகில் அறிவும் பேச்சும் உடைய இனங்கள் பல. முதுமை தீண்டாத எல்வர் பாடலிலும் கைவினையிலும் தேர்ந்தவர். குறளர் மலையைக் குடைந்து பொன்னும் மணியும் இழைப்பவர். ஹொபிற்றர் ஆங்கில நாட்டுப்புறத்துக் கமக்காரரைச் சிற்றுருவிற் காட்டுபவர். மரங்களைப் பேணும் மரமாந்தரும் உளர். மனிதரும் உளர், ஆனால் மனிதருக்குள்ளும் படிகள் வகுக்கப்பட்டுள்ளன. மேற்றிசை உயர்ந்தோர், இடைநிலையோர், காட்டோர் என மூவகையாகப் பகுத்து விளக்கம் கூறுபவன் கதையின் நல்லோருள் ஒருவன். இப்படிகள் எல்லாவற்றுக்கும் கீழே, இருட்பேரரசனுடைய படையாக, ஓர்க்கர் நிற்கின்றனர்.

ரொல்கீன் மொழிநூல் வல்லுநர். எல்வருக்கு இரு பெரும் மொழிகளையும், அவற்றுக்கு ஒலிமாற்ற வரலாறும் எழுத்தும் அமைத்துக் கொடுத்தார். ஓர்க்கருக்குக் கொடுத்தது என்ன? அவர்களுக்கெனச் சொந்த மொழி இல்லை, பிறர் மொழிகளைப் பிடுங்கிச் சிதைத்துப் பேசினர் என்று நூலின் பிற்சேர்க்கை கூறுகின்றது. ஒரு குழுவின் பேச்சு மற்றக் குழுவுக்கு விளங்காமையால், தமக்குள்ளேயே பொதுமொழியை நாடவேண்டியவராயினர். கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில், பல்வேறு மொழி பேசுவோராய்க் கொணர்ந்து ஒன்றாக அடைக்கப்பட்ட அடிமைகளின் பேச்சைப் பற்றியும் எசமானர் இவ்வாறே எழுதிவைத்தனர். மொழி சிதைந்திருந்தால் சிதைத்தவன் யார் என்று கேட்பதே முறை. எசமானரின் குறிப்பேட்டில் அக்கேள்வி இராது.

இனி, நூல் தானே கூறும் செய்திகள் சிலவற்றைக் கவனிப்போம். றோகன் என்னும் குதிரைவீரர் நாட்டை ஆளும் குலத்தார் அந்நிலத்தின் பூர்வீகர் அல்லர். அண்டை நாடாகிய கொண்டோரின் ஆட்சியாளர் போரில் உதவிய நன்றிக்காக அவர்களுக்கு அதனை வழங்கினர். அங்கிருந்து துரத்தப்பட்ட டன்லாந்தர் தலைமுறை தலைமுறையாக அவ்வநீதியை மறக்கவில்லை. அந்த மனக்கொதிப்பைச் சருமான் என்னும் மந்திரவாதி தன் போருக்குப் பயன்படுத்திக் கொள்கிறான். காட்டில் வாழும் தொல்குடியினரின் தலைவன், வழிகாட்டி உதவுவதற்குக் கைம்மாறாக வேண்டுவது பொன்னன்று. இனியேனும் எம்மை விலங்குகளைப்போல வேட்டையாடாதிருங்கள் என்பதே. இருட்பேரரசின் படைகளுக்குச் சோறளித்தவை நூர்னென் ஏரிக்கரை வயல்கள். அங்கே உழைத்தவர் அடிமைகள். வெற்றிபெற்ற மன்னன் அவ்வடிமைகளை விடுவித்து, அந்நிலத்தை அவர்களுக்கே கொடுக்கிறான்.

ஆகவே நிலமும் உழைப்பும் ஆதிக்கமும் இந்நூலில் இல்லாதவையல்ல. மனிதர் பகைவராகும்போது அதற்கொரு காரணம் கூறப்படுகின்றது. போர் முடிந்தபின் அவர்களுக்கு மன்னிப்பும் கிடைக்கின்றது. கணவாய்க் கோட்டைப் போரின் முடிவில் சரணடைந்த டன்லாந்தர் உயிர்ப்பிச்சை பெறுகின்றனர். இடிந்த மதிலைச் செப்பனிட்டபின், மீண்டும் படையெடுப்பதில்லை என்று சத்தியம் செய்து வீடு திரும்புகின்றனர். அதே களத்தில் நின்ற ஓர்க்கருள் ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்கள் சரணடைந்தனரா, சரணடைய விரும்பினரா என்று கேட்பார் இல்லை. எல்வ வீரனும் குறள வீரனும் யார் அதிகம் பேரை வெட்டினார் என்று அப்போரிற் போட்டியிடுகின்றனர். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்திரண்டு என்ற கணக்கு நகைச்சுவையாகின்றது. பிறப்பினாற் கொடியோர் என்ற கோட்பாட்டுக்குக் கதையில் உள்ள பயன் இதுவே. கொலை கணக்காகிறது, கணக்கு விளையாட்டாகிறது.

ஆனால் எழுத்தாளன் சில வேளைகளில் தன் கோட்பாட்டிலும் பெரியவனாகி விடுகிறான். கோபுரத்தடியில் இரண்டு ஓர்க்கத் தலைவர் தனித்துப் பேசும் இடமொன்று நூலில் உண்டு. மேலதிகாரிகளை நொந்து, போர் தோற்றுவிடுமோ என அஞ்சி, போர் முடிந்தால் நம்பிக்கையான சிலரோடு ஓடிப்போய், பெரிய எசமானர் இல்லாத இடத்திற் பிழைக்கலாம் என்கிறார்கள். அவர்கள் நல்லவரல்லர்; கொள்ளைப் பொருளும் அவர்கள் கனவில் உண்டு. ஆயினும் அது கட்டாயப் படைவீரனின் கனவு. பிறிதோரிடத்தில் ஓர்க்கப் படையொன்று சவுக்கடியின் கீழ் ஓட்டிச் செல்லப்படுகின்றது; நடை முடிந்து சவுக்கினின்றும் தப்பினாற் போதும் என்பதே அவர்களுடைய எண்ணம் என்று கதைசொல்லியே கூறுகிறார். விருப்பமின்றிப் போருக்கு ஓட்டப்படுபவன் பிறவிக் கொடியவன் எங்ஙனம் ஆவான்?

இக்கேள்வி ரொல்கீனையும் உறுத்தியது. அவரை இனவெறியர் என்று ஒரு சொல்லில் ஒதுக்குவோருடன் நாம் உடன்படோம். 1938இல் ஜேர்மன் வெளியீட்டாளர் அவருடைய ஆரிய வம்சம் பற்றி வினவியபோது சீற்றத்துடன் மறுமொழி வரைந்தவர் அவர். தென்னாபிரிக்காவிற் பிறந்த அவர், 1959இல் ஒக்ஸ்போட்டில் ஆற்றிய பிரியாவிடை உரையில் நிறவேற்றுமைக் கொள்கையை வெளிப்படையாக வெறுத்துரைத்தார். ஆயினும் 1958இல் எழுதிய கடிதமொன்றில், ஓர்க்கரின் தோற்றத்தை விளக்க, ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்ற மொங்கோலியச் சாயலையே உவமையாக்கினார். தனிமனிதனாக இனவெறியை வெறுத்தவரின் கற்பனைக்குள்ளும் பேரரசின் கண் புகுந்து நின்றது. ஓர்க்கர் சிறைப்பிடித்துச் சிதைக்கப்பட்ட எல்வரா, மனிதரா, உயிரற்ற பொம்மைகளா என்று இறுதிக்காலம் வரை அவர் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்த குறிப்புக்கள், அவர் மறைந்து இருபது ஆண்டுகளின் பின், 1993இல் அச்சேறின. விடை கிடைக்கவில்லை. கிடைக்கவும் மாட்டாது, கேள்வியின் அடித்தளமே கோணலானது.

தமிழில் இக்கதையைச் சொல்ல முனைவோர் இக்கோணலை முதல் வாக்கியத்திலேயே சந்திப்பர். ஓர்க் வந்தது என்பதா, ஓர்க்கன் வந்தான் என்பதா? வினைமுற்றின் விகுதியே எம்மை மறித்துக் கேட்கின்றது. நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையிற் சேர்த்தார். நரகத்தில் வீழ்ந்தவரும் அஃறிணையாகி விடுவதில்லை! எனவே நாம் ஓர்க்கர் என்றே எழுதுகிறோம். பேசுபவன், அஞ்சுபவன், எசமானனை நொந்துகொள்பவன், தப்பியோட எண்ணுபவன் உயர்திணை. உயர்திணையாகிய ஒருவனைக் குற்றவாளி எனலாம். அவன் செய்த குற்றத்தைக் காட்டவேண்டும். பிறப்பைக் காட்டினாற் போதாது.

இக்குறைக்கு இன்று கூறப்படும் பரிகாரங்கள் சில உண்டு. 1974 முதல் அமெரிக்காவில் விற்பனையாகும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு, ஓர்க்கரை ரொல்கீனிடமிருந்து எடுத்து உலகெங்கும் பரப்பியது. கண்டனங்கள் வலுத்தபின், ஓர்க்கர் முதலியோரைச் சித்திரித்த முறையை மாற்றுவதாக அதனை வெளியிடும் நிறுவனம் 2020இல் அறிவித்தது. 2024இன் விதிநூலில் 'இனம்' என்ற சொல்லை நீக்கி 'உயிரினம்' என்ற பொருள்படும் சொல்லை இட்டது. மாற்றத்தை நாம் ஏளனஞ் செய்யவில்லை. ஆனால் சொல்லை மாற்றுவது எளிது. ஒருவனை உருவாக்குவது இரத்தமா, வாழ்நிலையா என்ற கேள்வி அப்படியே நிற்கின்றது. வேறு சிலர் இந்நூல்களையே ஒதுக்கிவிடலாம் என்பர். அது ஆசிரியரின் வழியன்று. படியாத நூலோடு வாதிட முடியாது.

உண்மையான மறுமொழியைப் படைப்பாளிகள் தந்திருக்கின்றனர். அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெகுவின் 1968இல் தொடங்கிய 'பூமிக்கடல்' கதைகளில் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன், அவனுடைய உற்ற நண்பன் கறுத்த நிறத்தவன். கொள்ளையிட வருவோரே வெள்ளையர். 2004இல் அதனைத் தொலைக்காட்சித் தொடராக்கியோர் நாயகனை வெள்ளையனாக்கியபோது அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். இருட்பேரரசின் பக்கத்திலிருந்து போரைச் சொன்னால் எப்படியிருக்கும் என்று ருஷ்ய விஞ்ஞானி கிரில் எஸ்கொவ் 1999இல் ஒரு நாவல் எழுதினார். இராவணன் பக்கம் நின்று புலவர் குழந்தை 1946இற் காவியம் பாடியதை அறிந்த எமக்கு இம்முயற்சி புதுமையன்று. யமேக்காவில் வளர்ந்த தத்துவாசிரியர் சாள்ஸ் மில்ஸ், நடுவுலகின் இனப்படிநிலையை ஓர்க்கர் பக்கம் நின்று விசாரித்த கட்டுரை, அவர் மறைந்த பின் 2022இல் வெளிவந்தது.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது இதனினும் எளிது. நூலில் ஒரு காட்சி: தெற்கிலிருந்து இருட்பேரரசனுக்காகப் போரிட வந்த மனிதனொருவன் அம்புபட்டு வீழ்ந்து கிடக்கிறான். தோட்டக்காரனாகிய சாம் அவ்வுடலைப் பார்க்கிறான். இவன் பெயர் என்ன, எந்த ஊர், உண்மையிலேயே கொடியவன்தானா, எந்தப் பொய்யும் பயமுறுத்தலும் இவனை இவ்வளவு தூரம் கொண்டுவந்தன என்று எண்ணுகிறான். பெருங்கதை முழுவதிலும் இதனினும் உயர்ந்த இடமொன்றை நாம் காணவில்லை. மன்னரும் மந்திரவாதிகளும் கேளாத கேள்வியைக் கேட்டவன் ஒரு தொழிலாளி. ஆனால் அவனும் அக்கேள்வியை ஓர்க்கன் எவனுடைய உடலருகே நின்றும் கேட்கவில்லை.

அக்கேள்வியை நாம் கேட்போம். வகுப்பறையில் இந்நூல் எடுக்கப்படும் நாளில், வெட்டுண்டு கிடக்கும் ஓர்க்கனைக் காட்டி, இவன் பெயர் என்ன, இவனைச் சவுக்கால் ஓட்டியவன் யார் என்று மாணவரை எழுதச் சொல்வோம். ஒரு கூட்டத்தாரை நோக்கி இவர்கள் பிறப்பே இப்படி என்று நாளை எவனாவது கூறும்போது, அதே கேள்வியை எழுப்பும் பழக்கம் அம்மாணவர்க்கு வந்திருக்கும்.