நூல்நிலைய வரி யாருடைய பணம்?

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி, கல்வியின் பெயரால் நினைக்கப்படும் ஊர். இராமாநுஜர் இங்கே வந்து யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டார் என்பது வைஷ்ணவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் வரலாறு. அந்நாளில் கல்வியை விரும்பியவன் குருவைத் தேடி நடந்தான். இந்நாளில் நூல்கள் ஜனங்களைத் தேடி வர வேண்டும். அதுவே ஜனநாயக தர்மம். அந்த நோக்கத்தோடுதான் 1948-ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூல்நிலையச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. அதைக் காலத்திற்கேற்பத் திருத்த வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. திருத்தம் அவசியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் முதலில் திருத்த வேண்டியது எது என்பதை நாட்டார் தெளிந்துகொள்ள வேண்டும்.

இச்சட்டம் எளிதில் வந்ததன்று. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1930-ல் காசியில் கூடிய கல்வி மகாநாட்டிலேயே ஒரு மாதிரிச் சட்டத்தை முன்வைத்தார். 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புஸ்தகங்கள் சென்றன. பதினெட்டாண்டு முயற்சிக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில் சட்டம் பிறந்தது.

அச்சட்டத்தின் உயிர்நாடி நூல்நிலைய வரி. ஆதியில் வீட்டு வரி ரூபாய் ஒன்றுக்கு 6 தம்பிடி, அதாவது அரையணா, என்று விதிக்கப்பட்டது. இன்று அது ரூபாய்க்கு 10 பைசா. வீட்டு வரி 1,000 ரூபாய் என்றால் நூல்நிலைய வரி 100 ரூபாய். தறியைத் தவிர வேறு சொத்தில்லாத நெசவாளியும் தன் வீட்டிற்கு இதைச் செலுத்துகிறான். வசூல் செய்வது ஊராட்சியோ, நகராட்சியோ, மாநகராட்சியோ ஆகும். அனுபவிக்க வேண்டியது ஜில்லா நூல்நிலைய ஆணைக்குழு. இவ்விரண்டுக்கும் நடுவிலேதான் பணம் தங்கிவிடுகிறது. சென்னை மாநகராட்சியே கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருந்ததாகப் பத்திரிகைகளில் பன்முறை செய்தி வந்ததை வாசகர்கள் அறிவார்கள்.

பொது வரி வேறு, ஒரு காரியத்திற்கென்றே விதிக்கும் வரி வேறு. முன்னது பொது நிதியில் சேரும். அதை எதற்குச் செலவிடுவது என்பது சபையின் விருப்பம். பின்னதை வசூலிப்பவர் பிறருடைய பொருளைக் கையில் வைத்திருக்கும் தர்மகர்த்தாவைப் போன்றவர். காஞ்சி நெசவாளிக்குப் பட்டும் சரிகையும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். நெய்த சேலையையும் நிறுத்தே வாங்குகிறார்கள். எடை குறைந்தால் அவன் பதில் சொல்லியாக வேண்டும். ஏழை நெசவாளிக்கு உள்ள இந்தப் பொறுப்பு, அவனிடம் வரி வாங்கும் ஸ்தாபனத்திற்கு இல்லாமற்போவது என்ன நியாயம்?

ஸ்தல ஸ்தாபனங்களின் வருவாய் போதவில்லை, குடிநீருக்கும் சாக்கடைக்கும் பணமில்லை என்று சிலர் வாதிக்கிறார்கள். அக்கஷ்டம் உண்மையே; நாம் அதை மறுக்கவில்லை. குடிநீருக்குப் பணம் வேண்டுமானால் குடிநீரின் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும். சர்க்காரும் தாராளமாக மானியம் அளிக்கட்டும். புஸ்தகத்தின் பெயரைச் சொல்லி வாங்கிய பணத்தை வேறு காரியத்திற்குத் திருப்புவது ஜனங்களை ஏமாற்றுவதாகும்.

இங்கிலாந்தின் வரலாற்றைப் பார்ப்போம். அங்கே 1850-ஆம் ஆண்டுச் சட்டம், பவுனுக்கு அரைப்பென்னி வரி விதித்து நூல்நிலையம் நடத்தலாம் என்று அனுமதி மாத்திரம் தந்தது. 1964-ஆம் ஆண்டுச் சட்டமோ, நிறைவான, திறமையான நூல்நிலைய சேவை அளிப்பது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை என்று விதித்தது. அனுமதியாக இருந்தது கடமையாயிற்று. நமது சட்டத்திலும் இந்த மாறுதலே வேண்டும்.

ஆகவே திருத்தச் சட்டத்தில் மூன்று விஷயங்கள் இடம்பெற வேண்டும் என்பது நமது துணிபு. முதலாவது, வரி செலுத்திய அன்றே நூல்நிலையப் பங்கு தனியே பிரிந்து ஆணைக்குழுவின் கணக்கில் சேர வேண்டும். வரியை இணையத்திலேயே செலுத்தும் இக்காலத்தில் இது அரிய காரியமன்று. தாமதித்தால் வட்டியும், பொறுப்பான அதிகாரிமீது நடவடிக்கையும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் ஊரிலும் வசூலான தொகை எவ்வளவு, அவ்வூர் நூல்நிலையத்திற்குச் செலவானது எவ்வளவு என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். மூன்றாவது, திறந்திருக்கும் நேரம், புதிய நூல்கள், மின்நூல் வசதி, கண்பார்வையற்றோருக்கான நூல்கள் ஆகியவற்றுக்குக் குறைந்த அளவு ஒன்று சட்டத்திலேயே வகுக்கப்பட வேண்டும். 1948-ல் மின்நூல் என்ற சொல்லே இல்லை. இன்று அதை விட்டுச் செய்யும் திருத்தம் அரைகுறையானதே. ஆயினும் முதலாவது நிறைவேறாமல் மூன்றாவது ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும்.

சர்க்கார் திருத்தட்டும் என்று நாம் வாளாவிருத்தலும் தகாது. தேசத் தொண்டர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அடுத்த கிராம சபையில், வசூலான நூல்நிலைய வரி எவ்வளவு, ஆணைக்குழுவிற்கு அனுப்பியது எவ்வளவு என்று கேளுங்கள். விடை கிடையாவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். திருப்புட்குழியில் ஒருவர் கேட்டால் அது ஒரு மனிதரின் குரல்; தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் கேட்டால் சட்டசபை அதைக் கேட்டே தீரும்.