காண்போர் கடன்

விளையாடுவோர்க்கு விதிகள் பல உள. எக்கோட்டைத் தாண்டலாகாது, எவ்விடத்தில் கை படலாகாது என்பனவெல்லாம் நூல்களில் வகுத்து எழுதப்பட்டுள்ளன. களத்தைச் சுற்றியிருந்து காண்போர்க்கோ விதியொன்றும் இல்லை. வாய்க்கு வந்ததைக் கூறலாம். வேண்டியபோது எழுந்து போகலாம். இங்ஙனம் விதியின்றி விடப்பட்ட காண்போர்க்கும் ஒரு கடன் உண்டென்பதைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு, நம்மவர்க்குச் சிறிதும் பழக்கமில்லாத பனிக்கால விளையாட்டுக்களையே எடுத்துக்கொள்கின்றோம். பழகாத ஒன்றைக் காணும்போதன்றோ காண்பவனது இயல்பு நன்கு வெளிப்படும்!

யாம் பிறந்து வளர்ந்தது தருமபுரி மாவட்டம். எம்மூரில் பனி என்பது தை மாதத்து விடியலில் புல்நுனியில் நின்று, ஞாயிறு எழுந்ததும் மறைவது. பனிக்கட்டி என்பது கோடையில் பழச்சாற்றுக் கடையில் உடைபடுவது. 2022-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் பெய்ஜிங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றபொழுது யாம் பள்ளி மாணவராயிருந்தோம். அஃது எங்கள் பக்கத்தில் புளி உடைத்துக் கொட்டை நீக்கும் காலம். பெரியோர் திண்ணையில் அவ்வேலையில் ஈடுபட்டிருக்க, இளையோராகிய யாம் கைப்பேசி ஒன்றைச் சுற்றிக் குழுமியிருந்தோம்.

இந்தியாவிலிருந்து அவ்விழாவிற் பங்குகொண்டவர் காஷ்மீரத்தைச் சேர்ந்த ஆரிப் கான் ஒருவரே. மலைச்சரிவில் நட்ட கழிகளினூடே வளைந்து வளைந்து சறுக்கி இறங்கும் போட்டியில் அவர் 45-ஆம் இடம் பெற்றார். “நூற்று நாற்பது கோடி மக்களுக்கு ஒருவர்தானா?” என்றார் எம்முள் ஒருவர். “நாற்பத்தைந்தாவதாக வருவதற்கு அவ்வளவு தொலைவு போகவேண்டுமா?” என்றார் மற்றொருவர். பின்னர்க் ‘கர்லிங்’ என்னும் ஆட்டத்தைக் கண்டோம். ஒருவர் கல்லொன்றைப் பனிக்கட்டித் தரைமீது தள்ள, இருவர் அதன் முன்னே துடைப்பம் போன்றதொன்றால் விரைந்து தேய்த்துச் சென்றனர். “பெருக்குவதற்குப் பதக்கம் கொடுப்பதாயின் எங்கள் அத்தைக்கு வீடு நிறையக் கொடுக்கவேண்டும்” என்று யாம் கூற, அனைவரும் நகைத்தனர். புளி உடைத்துக்கொண்டிருந்த அத்தையாரும் நகைத்தார்.

இனி, யாம் அறியாது நகைத்தவற்றைச் சிறிது கூறுவோம். அக்கல் ஏறக்குறைய 19 கிலோ எடையுள்ளது. தேய்த்தலால் பனிக்கட்டியின் மேற்பரப்புச் சிறிது வெம்மையுற்று உராய்வு குறைகின்றது. கல்லும் வளைவு குறைந்து நெடுந்தொலைவு செல்கின்றது. எப்பொழுது தேய்ப்பது, எப்பொழுது நிறுத்துவது என்பதை நொடிப்பொழுதில் தேர்தல் வேண்டும். ஆரிப் கான் சறுக்கிய நாளிலோ பனி இடைவிடாது பொழிந்தது. அன்று புறப்பட்டோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் இலக்கை எட்டவில்லை. எட்டியவருள் ஒருவர் அவர். 45 என்னும் எண்ணை மட்டும் கண்ட எமக்கு அஃதொரு குறைவாகத் தோன்றிற்று.

அறியாமை குற்றமாகுமோ எனின், ஆகாது என்க. எல்லாருக்கும் எல்லா விளையாட்டின் நுட்பமும் தெரிதல் இயலாது. எங்கள் பக்கத்து எருது விடும் விழாவைக் குளிர்நாட்டினர் ஒருவர் முதன்முறை காண்பாராயின், அவர் கண்ணிற்குப் படுவன புழுதியும் கூச்சலுமேயாம். எருதின் ஓட்டத்தையும் அதனை வளர்த்தவர் பட்ட பாட்டையும் அவர் அறியார். அறியாமல் அவர், “இஃதென்ன மூடத்தனம்!” என்று நகைப்பின் நமக்கு எவ்வளவு சினம் பிறக்கும்! அச்சினத்தில் நேர்மை உண்டாயின், துடைப்பத்தைக் கண்டு நாம் நகைத்தபோது அந்நாட்டார்க்கும் அது பிறத்தல் நேர்மையேயன்றோ? ஆதலின் அறியாமை பொறுக்கத்தக்கது; அறியாமலே அளந்து முடிவு கூறுதல் பொறுக்கத்தக்கதன்று.

நம்மிற் பலர் குளிர்கால விளையாட்டை முழுதும் காண்பதில்லை. விழுந்தோர் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய படத்துணுக்குக்களையே கண்டு நகைக்கின்றனர். அவற்றுள் பெயர்பெற்றது ஒன்று 2002-ஆம் ஆண்டு சால்ட் லேக் நகரில் நிகழ்ந்தது. பனிக்கட்டி மீது சறுக்கி ஓடும் 1,000 மீட்டர் இறுதிப் போட்டியில், முன்னே சென்ற நால்வரும் கடைசி வளைவில் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தனர். எல்லார்க்கும் பின்னே வந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவன் பிராட்பரி விழாது சென்று பொற்பதக்கம் பெற்றார். ‘சோம்பேறியின் அதிர்ஷ்டம்’ என்று அதனைக் காண்போர் கூறுவர். அவர் 1994-இல் சறுக்குக் காலணியின் கத்தி தொடையிற் பாய்ந்து பெருங்குருதி இழந்தார் என்பதும், 2000-இல் கழுத்து முள்ளெலும்பு முறிந்தும் மீண்டும் களம் புகுந்தார் என்பதும் அத்துணுக்கில் இல்லை.

நம் நாட்டவராகிய சிவ கேசவனும் இங்ஙனமே. மல்லாந்து படுத்துக் கால்கள் முன்னாகப் பனிக்கட்டிப் பாதையில் விரையும் ‘லூஜ்’ என்னும் சறுக்குவண்டிப் போட்டியில் அவர் 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக் விழாக்களிற் பங்குகொண்டார். முதன்முறை சென்றபோது அவர்க்கு வயது பதினாறு. பனிக்கட்டிப் பாதை நம் நாட்டில் இன்மையின், வண்டிக்குச் சக்கரம் பூட்டி, இமயமலைச் சாலைகளில் லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் இடையே பயின்றார். பதக்கம் பெற்றாரா என்று மட்டும் வினவுவோர்க்கு விடை ‘இல்லை’ என்பதே. ஆனால் வினாவே குறையுடையதாயின் விடை நிறைவாவது எங்ஙனம்?

காண்போர் கூற்றைப் பற்றிப் பண்டைத் தமிழரும் எண்ணியுள்ளனர். புறநானூற்றில் 85-ஆம் பாட்டு, பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போர் புரிகின்றான். அவன் அவ்வூர்க்கும் அந்நாட்டிற்கும் உரியவன் அல்லன். ஆதலின் கூடியிருந்தோர் இரு திறத்தினராய்ப் பிரிந்து, வெற்றி அவனதே என ஒரு சாராரும், அன்று என ஒரு சாராரும் உரைக்கின்றனர். நக்கண்ணையாரோ இருவர் சொல்லையும் கேட்டு அமைந்திலர். சிலம்பு ஒலிக்க ஓடிப் பனைமரத்தடியில் நின்று தம் கண்ணாற் கண்ட பின்னரே அவன் வெற்றியைக் கூறுகின்றார். ஊரார் பேச்சு வேறு, நின்று கண்டவர் பேச்சு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தோற்றவனை அளத்தற்கும் நம் முன்னோரிடம் கோல் ஒன்று இருந்தது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை முன்னிறுத்தியே, புறப்புண் நாணி வடக்கிருந்தவனை அவனினும் மேம்பட்டவனாகப் பாடினார் வெண்ணிக்குயத்தியார்.

“நகைத்தலால் யாருக்கு என்ன கேடு? கைப்பேசியிற் காண்போர் நகைப்பு, பனிமலையில் சறுக்குபவர் செவிக்கு எட்டுமோ?” என்று வினவுவார் உளர். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை எம் கல்லூரி விளையாட்டு விழாவே மாற்றிற்று.

யாம் இக்கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், எம் மாவட்டத்து மலையூர் ஒன்றிலிருந்து வந்த தோழர் ஒருவர் 5,000 மீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்தார். களத்தைப் பன்னிரண்டரை முறை சுற்றுதல் வேண்டும். முதலில் வந்தவர் முடித்தபோது அவர்க்கு இன்னும் இரண்டு சுற்றுக்கள் எஞ்சியிருந்தன. கூட்டம் கலையத் தொடங்கிற்று. அடுத்த போட்டிக்காகப் பலகைகளைக் கொண்டுவந்தனர். முடிவிடத்தில் நின்றவரும் அகன்றனர். அப்பொழுது யாம் உரத்த குரலில், “அடுத்த ஆண்டு ஓட்டத்தை இவர் இப்பொழுதே தொடங்கிவிட்டார்!” என்றோம். பெருநகைப்பு எழுந்தது. தோழரும் புன்முறுவல் செய்தவாறே ஓடி முடித்தார்.

மறு ஆண்டு அவர் பெயர் கொடுத்திலர். காரணம் வினவினோம். “ஓடுவதற்கு ஆசைதான். ஆனால் நான் வந்து சேர்ந்தபோது அங்கே ஆளில்லையே, எங்கே நிற்பது என்றே தெரியவில்லை” என்றார். எம்மைக் குறித்து அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. கூறியிருப்பின் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அதற்குச் சில திங்கள் கழித்து, கேசவன் முதன்முறை கலந்துகொண்ட அதே 1998-ஆம் ஆண்டு நாகானோ விழாவின் படமொன்றைக் கண்டோம். கென்ய நாட்டுப் பிலிப் போய்ட் என்பவர் 10 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்திற் பங்குகொண்டார். 1996-ஆம் ஆண்டிற்கு முன் அவர் பனியையே கண்டவர் அல்லர். 92-ஆம் இடத்தினராய், எல்லார்க்கும் கடைசியாக வந்தார். வென்றவர் நார்வே நாட்டுப் பியோர்ன் டேலி. அவர் போட்டியை முடித்து ஏறக்குறைய 20 நிமிடங்கள் கழிந்தன. பரிசளிப்பு காத்திருந்தது, ஆயினும் டேலி முடிவிடத்தை விட்டு அகன்றிலர். போய்ட் வந்து சேர்ந்ததும் அவரைத் தழுவிக்கொண்டார். போய்ட் பின்னர்த் தம் மகனுக்கு டேலி என்றே பெயரிட்டார். 2002, 2006 ஆண்டுகளின் விழாக்களிலும் பங்குகொண்டார். அத்தழுவலே அவரை மீண்டும் வரச்செய்தது என்று யாம் கூறத் துணியோம். எம் தோழர் மீண்டும் வாராமைக்குக் காரணம் யாது என்பதை மட்டும் நன்கறிவோம்.

மாணவத் தோழர்களே! பனிக்கட்டியில் நாம் சறுக்கப்போவதில்லை. நம்மிற் பெரும்பாலோர் எந்தக் களத்திலும் ஓடப்போவதில்லை, காண்போராகவே இருக்கப்போகின்றோம். ஆதலின் நமக்குரிய கடனையேனும் நன்கு செய்வோமாக. தெரியாத ஆட்டத்தைக் கண்டால் நகைக்குமுன் ஒன்று வினவுவோம். விழுந்தவன் எழுகின்றானா என்று பார்த்தபின் படத்தை நிறுத்துவோம். கடைசியில் வருபவன் கோட்டைத் தாண்டும்வரை எழாதிருப்போம். வருகின்ற விளையாட்டு விழாவில் 5,000 மீட்டர் ஓட்டம் முடியும் இடத்தில் யாம் நிற்போம். எம் தோழரிடமும் இதனைத் தெரிவித்துள்ளோம். அவர் இன்னும் விடை கூறவில்லை. எனினும் யாரேனும் ஒருவர் கடைசியாக வரத்தானே செய்வார்! அவர்க்காக எம்முடன் நிற்க விரும்புவோர் வருக.