அத்தாவைக் குளிப்பாட்ட ஆள் தேட வேண்டுமா?

மௌத் வீட்டுக்குப் போனால் இப்போதெல்லாம் முதலில் காதில் விழும் கேள்வி, "குளிப்பாட்ட யாருக்குச் சொல்லி விட்டிருக்கிறீர்கள்?" என்பதுதான். மகன்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பேரன்கள் போனில் தகவல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உள்ளே திரைக்குப் பின்னால், இறந்தவரோடு அதிகம் பழகியிராத ஒருவர் வந்து கடைசிக் குளியலை முடித்துவிட்டுப் போவார். இலுப்பூரில் மட்டுமல்ல, அன்னவாசல், புதுக்கோட்டை, திருச்சி என்று நான் போன பல வீடுகளில் இதையேதான் பார்க்கிறேன்.

இது சரியில்லை என்பது என் கருத்து. விவரம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும். தண்ணீர் ஊற்றும் கை, பெற்ற பிள்ளையின் கையாக இருக்கட்டும்.

மையித்தைக் குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, தொழவைப்பது, அடக்குவது ஆகிய நான்கும் பர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் செய்துவிட்டால் மற்றவர்கள் மீது குற்றமில்லை. இந்தச் சலுகையை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். ஆனால் அதே சட்டம், இந்த வேலைக்கு முதல் உரிமை நெருங்கிய உறவினருக்கு என்றும் சொல்கிறது. அதை மறந்துவிட்டோம்.

நபி (ஸல்) அவர்கள் 632இல் மறைந்தபோது குளிப்பாட்டியது யார்? மருமகன் அலீ (ரலி), சிறிய தந்தை அப்பாஸ் (ரலி), அவருடைய மகன்கள், கூடவே வளர்ந்த உஸாமா (ரலி) போன்றவர்கள். அணிந்திருந்த சட்டையைக்கூடக் கழற்றாமல், அதன் மேலேயே தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து அபூபக்ர் (ரலி) இறந்தபோது அவரைக் குளிப்பாட்டியவர் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி). புதுத் துணி உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அதிகம் தேவை என்று சொல்லி, தாம் உடுத்தியிருந்த பழைய துணியையும் கஃபனில் சேர்க்கச் சொன்னவர் அவர். ஆட்சித் தலைவருக்கே அவ்வளவுதான்.

கணவனை மனைவி குளிப்பாட்டலாம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மனைவியைக் கணவன் குளிப்பாட்டலாமா என்றால், ஷாஃபி மத்ஹபில் கூடும், ஹனஃபி மத்ஹபில் கூடாது. உங்கள் பள்ளி இமாமிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மௌத் வீட்டில் நின்று விவாதிக்கும் விஷயமல்ல அது.

"பயமாக இருக்கிறது, முறை தெரியாது" என்கிறார்கள் பிள்ளைகள். முறை என்ன பெரிய கம்ப சூத்திரமா? உயிர் பிரிந்தவுடன் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கை கால்களை மெதுவாக மடக்கி நீட்டிவிட வேண்டும். நேரமானால் விறைத்துவிடும். பிறகு உயரமான பலகையில் கிடத்தி, தொப்புளிலிருந்து முழங்கால் வரை துணியால் மறைத்து, வயிற்றை மெல்ல அழுத்தி, கையில் துணி சுற்றிக்கொண்டு அசுத்தத்தைக் கழுவ வேண்டும். அடுத்து ஒளு. அதன்பின் தலையும் தாடியும், வலப்பக்கம், இடப்பக்கம் என்ற வரிசை. மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையாக ஊற்றுவது சுன்னத். தண்ணீரில் இலந்தை இலை, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் கற்பூரம்.

இது நபியவர்களின் மகள் ஸைனப் (ரலி) இறந்தபோது, குளிப்பாட்டிய பெண்களுக்கு நபியவர்களே சொல்லிக்கொடுத்த முறை. அதை நமக்கு அறிவித்தவர் உம்மு அதிய்யா (ரலி) என்ற மதீனத்துப் பெண்மணி. இப்னு ஸீரீன் போன்ற பெரிய அறிஞரே அவரிடமிருந்துதான் இந்தக் குளிப்பாட்டும் முறையைக் கற்றுக்கொண்டார். இலந்தை இலையைக் கசக்கினால் சோப்பு போல நுரைக்கும். நம் பக்கத்துப் பொட்டலில் தானாக முளைத்துக் கிடக்கும் மரம்தான். கஃபன் ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. இதில் செலவும் இல்லை, வித்தையும் இல்லை.

வீட்டு ஆட்களே செய்ய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் மானம். நோயில் கிடந்த உடம்பில் புண் இருக்கும், நாற்றம் இருக்கும். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது குளிப்பாட்டுபவருக்கு மார்க்கம் போட்டிருக்கும் கண்டிப்பு. மறைத்தவருக்கு அல்லாஹ்வின் மன்னிப்பு உண்டு என்று ஹதீஸ் இருக்கிறது. அம்மாவின் முதுகுப் புண்ணை மகள் பார்ப்பதும் வேறொருவர் பார்ப்பதும் ஒன்றா?

குளிப்பாட்ட வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. நடு இரவில் கூப்பிட்டாலும் வருகிறார்கள். அவர்களுக்கு மனம் நிறையக் கொடுங்கள். கல்யாண விருந்தில் முதல் பந்தியில் உட்கார வையுங்கள். நான் கேட்பது, அவர்கள் ஆசிரியராக நிற்கட்டும், நாம் வேலை செய்வோம் என்பதுதான்.

அடுத்தது ஃப்ரீசர் பெட்டி. மகன் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வர வேண்டும் என்று ஒரு நாள், ஒன்றரை நாள் வைத்துவிடுகிறோம். ஜனாஸாவைத் தாமதிக்காதீர்கள் என்பது நபியின் கட்டளை. பிள்ளையின் தவிப்பு புரிகிறது. ஆனால் விறைத்துக் குளிர்ந்த உடம்பை முகம் பார்ப்பதற்காக வைத்திருப்பதைவிட, பக்கத்தில் இருக்கும் பிள்ளை நல்லபடி குளிப்பாட்டி நேரத்தில் அடக்குவதே பெற்றவருக்குச் செய்யும் மரியாதை. தூரத்தில் இருக்கும் மகன் அங்கிருந்தே துஆ செய்யலாம். அத்தாவின் கடனைத் தீர்க்கலாம். ஜனாஸா தொழுகைக்கு முன் கடன் உண்டா என்று நபியவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இந்த உரிமையின் அருமை கொரோனாக் காலத்தில்தான் தெரிந்தது. 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில், கொரோனாவில் இறந்தவரைக் குளிப்பாட்டவும் முத்தமிடவும் கூடாது என்று இருந்தது. அடக்கத் தடையில்லை. தன்னார்வலர்கள் கவச உடையில் வந்து அடக்கினார்கள். பிள்ளைகள் தூரத்தில் நின்றார்கள்.

நம்மைப் போலவே தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. 2020 ஏப்ரலில் அரசு கட்டாயத் தகனத்தை அரசிதழில் வெளியிட்டது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன குழந்தையைப் பெற்றோர் சம்மதமில்லாமல் எரித்தார்கள். கொழும்பு பொரளை மயான வேலியில் மக்கள் கஃபன் துணியைக் கிழித்துக் கட்டித் தங்கள் துக்கத்தைச் சொன்னார்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் வந்து கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25இல்தான் அடக்க அனுமதி கிடைத்தது. அதுவும் சொந்த ஊரில் இல்லை, மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில். அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடக்கப்பட்டார்கள். 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிந்துபோன பிள்ளை திரும்பி வருமா?

அவர்கள் ஒரு கைப்பிடி மண்ணுக்காக ஏறக்குறைய ஓராண்டு போராடினார்கள். நமக்கு மண்ணும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, தடுப்பவரும் இல்லை. நாமாகவே விலகி வாசலில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள், நோன்புக்கு முந்திய ஷஅபான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளைஞர்களுக்குப் பள்ளியிலும் பெண்களுக்கு மதரஸாவிலும் தனித்தனியாகக் குளிப்பாட்டும் முறையையும் கஃபனிடுவதையும் செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சொத்தை எழுதி வைக்க நேரம் ஒதுக்குகிறோம். "என்னை நீதான் குளிப்பாட்ட வேண்டும்" என்று பிள்ளையிடம் சொல்ல வாய் வருவதில்லை. வாய்விட்டுச் சொல்லுங்கள். என் மக்களிடம் நான் சொல்லிவிட்டேன்.