தள்ளித் துளையிடச் சொல்வது உரிமைப் பறிப்பா?

"என் நிலம், என் கிணறு. எங்கே துளையிட வேண்டும் என்று சொல்ல அரசாங்கம் யார்?" எண்ணெய் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: "கிணறு கூடினால் எண்ணெய் கூடும். பக்கத்து நிலத்தின் எல்லையிலிருந்து இத்தனை அடி தள்ளு, இன்னொரு கிணற்றிலிருந்து இத்தனை அடி விலகு என்று விதி போடுவதெல்லாம் உற்பத்தியை முடக்கும் வேலை." தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நம் நாட்டில் இந்தப் பேச்சுக்கு வரவேற்பு அதிகம். விதிகளைத் தளர்த்துங்கள், துளையிட விடுங்கள், எண்ணெய் தானாகப் பெருகும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள்.

இரண்டு நம்பிக்கையும் தவறு. தூர விதி நில உரிமையைப் பறிப்பதில்லை. அந்த விதி இல்லாத இடத்தில்தான் நிலத்தடி எண்ணெய் யாருக்கும் உரிமையாக இருப்பதில்லை. தூர விதி உற்பத்தியையும் குறைப்பதில்லை. அது இல்லாத இடத்தில்தான் எண்ணெய் பாறைக்குள்ளேயே சிக்கிப் பாழாகிறது. இது என் ஊகமல்ல. கோடிக்கணக்கான பீப்பாய்களை இழந்து அமெரிக்கா கற்ற பாடம்.

முதலில் எண்ணெய் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். நிலத்துக்கு அடியில் ஏரி மாதிரி தேங்கி நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மணற்பாறையின் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில், பெரும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. ஓரிடத்தில் துளை போட்டதும் அங்கே அழுத்தம் குறைகிறது. சுற்றிலும் உள்ள எண்ணெய் அந்தத் திசையில் நகர்கிறது. மேலே நட்ட எல்லைக் கல்லும் பத்திரத்தில் எழுதிய அளவும் அதற்குத் தெரியாது. எல்லையை ஒட்டி நான் ஒரு கிணறு போட்டால், அதில் வருவதில் ஏறக்குறைய பாதி உங்கள் நிலத்துக்கு அடியிலிருந்து வந்ததாகவே இருக்கும்.

இதற்கு 19-ஆம் நூற்றாண்டு நீதிமன்றங்கள் சொன்ன தீர்வு விசித்திரமானது. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 1889-ல் எண்ணெயையும் எரிவாயுவையும் காட்டு விலங்குகளோடு ஒப்பிட்டது. இடம்விட்டு இடம் ஓடுவது எதுவோ அது பிடித்தவனுக்குச் சொந்தம். பக்கத்துக்காரர் எல்லையில் கிணறு போட்டு என் எண்ணெயை இழுக்கிறார் என்று வழக்குப் போட்டவர்களுக்கு, நீயும் உன் பக்கத்தில் ஒரு கிணறு போட்டுக்கொள் என்பதுதான் நீதிமன்றம் காட்டிய வழி.

இந்தச் சட்டக் கருத்தின் வேர் நமக்கு அந்நியமானதல்ல. நிலத்தடி நீர் பற்றி 1843-ல் இங்கிலாந்தில் வந்த ஒரு தீர்ப்பிலிருந்து கிளைத்தது அது. அதே வேர்தான் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் வழியாக நம் வயல்களுக்கும் வந்தது: தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரைத் தன் எல்லைக்குள் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தோட்டத்தில் 600 அடிக்கு போர்வெல் இறக்கினால் நம் கிணறு வற்றும். நாம் கடன் வாங்கி 800 அடிக்கு இறக்கினால் அவருடையது வற்றும். கோவையிலும் நாமக்கல்லிலும் தருமபுரியிலும் இந்தப் போட்டியைப் பார்க்காதவர் இல்லை. கடைசியில் தண்ணீர் நிலத்தின் சொந்தக்காரருக்குப் போவதில்லை. யாரிடம் பெரிய மோட்டார் இருக்கிறதோ அவரிடம் போகிறது. இதற்குச் சொத்துரிமை என்று பெயர் வைப்பது நியாயமா?

எண்ணெயில் இந்தப் போட்டி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு டெக்சாஸ் மாநிலமே சாட்சி. 1901 ஜனவரி 10 அன்று பியூமாண்ட் நகருக்கு அருகே ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் பீறிட்டது. அந்தச் சிறு மேட்டைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டு விற்றார்கள். மரச் சாரங்கள் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு நின்றன. ஒன்றில் தீப்பிடித்தால் வரிசையே எரிந்தது. 1902-ல் அங்கே 285 கிணறுகள். அந்த ஆண்டு உற்பத்தி சுமார் 1.74 கோடி பீப்பாய், அதாவது நாளொன்றுக்கு 47,000-க்கும் மேல். 1904 தொடக்கத்தில் அது நாளொன்றுக்கு 10,000 பீப்பாயாகச் சரிந்தது. கிணறு குறைந்ததால் வந்த வீழ்ச்சியல்ல இது. அழுத்தம் தீர்ந்ததால் வந்தது.

கிணறு கூடினால் எண்ணெய் ஏன் கூடுவதில்லை? சோடா பாட்டிலை மெதுவாகத் திறந்தால் வாயு நீரிலேயே தங்கும்; சட்டென்று உடைத்துத் திறந்தால் பொங்கி வழிந்து, மிஞ்சுவது சுவையற்ற தண்ணீர். பாறைக்குள் இருக்கும் எண்ணெயிலும் வாயு கரைந்திருக்கிறது. அதுவும் அடியில் நெருக்கும் நீரும்தான் எண்ணெயை மேலே தள்ளும் சக்தி. ஒரே இடத்தில் நூறு துளை போட்டு அவசரமாக இழுத்தால் வாயு பிரிந்து முதலில் ஓடிவிடுகிறது. எண்ணெய் கெட்டிப்பட்டு நுண்துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. நீர் ஒரே சீராக முன்னேறாமல் ஆங்காங்கே குறுக்கே புகுந்து, எண்ணெயைத் தீவு தீவாகப் பின்னே விட்டுவிடுகிறது. அப்படி விடுபட்டதில் பெரும்பகுதி பிறகு எளிதில் வருவதில்லை. முதல் ஆண்டின் உற்பத்திக் கணக்கைக் காட்டித் துள்ளுகிறவர்கள், பாறையில் சிக்கிப்போன இந்தக் கணக்கைக் காட்டுவதே இல்லை.

இதையெல்லாம் பார்த்துத்தான் டெக்சாஸ் ரயில்வே ஆணையம் 1919-ல் 37-ஆம் எண் விதியைக் கொண்டுவந்தது. பெயரில் ரயில்வே இருந்தாலும் அந்த மாநிலத்தின் எண்ணெய்த் துறையை ஆள்வது இந்த ஆணையம்தான். கிணற்றுக்கும் கிணற்றுக்கும் 300 அடி, எல்லையிலிருந்து 150 அடி என்றது விதி. இன்று அந்த அளவுகள் 1,200 அடியும் 467 அடியும். 467 என்ற எண் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல. சரியாக 20 ஏக்கர் கொண்ட சதுர நிலத்தின் நடுப்புள்ளியில் கிணறு போட்டால், நான்கு எல்லைக்கும் உள்ள தூரம் 467 அடி. அந்தக் கிணறு பெரும்பாலும் தன் 20 ஏக்கரில் உள்ளதை இழுக்கும்; பக்கத்து 20 ஏக்கரை அதன் நடுவில் உள்ள கிணறு இழுக்கும். அவரவர் எண்ணெய் அவரவருக்கு. இதை உரிமைப் பறிப்பு என்று சொல்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது? பறிகொடுக்காமல் காப்பதற்கு இருக்கும் எளிய வழி இதுதான்.

ஆனால் விதி போட்டால் மட்டும் போதாது, அதில் ஓட்டை இருக்கக் கூடாது என்பதை 1930 காட்டியது. அந்த அக்டோபரில் கிழக்கு டெக்சாஸில் சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள பிரம்மாண்டமான எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. விதி இருந்தது, விலக்கும் இருந்தது. "என் மனை சிறியது, விதிப்படி போனால் எனக்குக் கிணறே கிடைக்காது" என்று மனுக் கொடுத்தவர்களுக்கெல்லாம் விலக்குக் கிடைத்தது. ஒருவருக்கு விலக்குக் கொடுத்ததும் பக்கத்து மனைக்காரர் தன் எண்ணெயைக் காக்கத் தானும் கேட்டார். கில்கோர் என்ற சிற்றூரில் ஒரு தெருவின் ஒரு துண்டில், ஒரு ஏக்கர் சொச்சம் நிலத்தில், 24 கிணறுகள். ஊர் எல்லைக்குள் ஆயிரத்துக்கும் மேல். ஒரு வங்கிக் கட்டடத்தின் மொசைக் தரையைத் துளைத்துக்கூடக் கிணறு இறக்கினார்கள். அந்த ஏக்கருக்கு அடியில் இருந்ததை எடுக்க ஒரு கிணறு தாராளம். மற்ற 23-உம் எண்ணெய்க்காகப் போட்டவையல்ல. பக்கத்துக்காரர் மேல் உள்ள பயத்துக்காகப் போட்டவை. ஒவ்வொன்றுக்கும் இரும்பு, சிமென்ட், கூலி, கடன். அந்தப் பயம்தான் கட்டுப்பாடற்ற சுதந்திரம் அங்கே கொடுத்த பரிசு.

1931 கோடையில் கச்சா எண்ணெய் பீப்பாய் பத்துப் பதினைந்து சென்டுக்கு இறங்கியது. ஆகஸ்டில் ஆளுநர் ராஸ் ஸ்டெர்லிங் ராணுவச் சட்டம் அறிவித்து, தேசியக் காவல் படையை அனுப்பிக் கிணறுகளை மூடவைத்தார். விதியை வெறுப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு குற்றச்சாட்டு வைக்கிறார்கள்: ஸ்டெர்லிங் முன்பு ஹம்பிள் எண்ணெய் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர்; கட்டுப்பாடு என்பதே பெரிய நிறுவனங்கள் விலையைத் தூக்கிப் பிடிக்கச் செய்த சதி. இதில் பாதி உண்மை உண்டு. எவ்வளவு எடுக்கலாம் என்ற ஒதுக்கீடு விலையையும் பாதித்தது. ராணுவச் சட்டம் செல்லாது என்று 1932-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் ஒதுக்கீடு வேறு, தூர விதி வேறு. எவ்வளவு எடுப்பது என்பது சந்தையைப் பற்றிய முடிவு. எங்கே துளைப்பது என்பது அடுத்தவர் சொத்தில் கைவைக்காதே என்ற ஒழுங்கு. முன்னதைக் காட்டிப் பின்னதைச் சாடுவது தவறு. கிழக்கு டெக்சாஸில் எடுப்பது மட்டுப்பட்டு, 1940-களில் உப்புநீரைத் திரும்ப உள்ளே செலுத்தி அழுத்தத்தைக் காத்த பிறகுதான் அந்த வயல் நிலைத்தது. இதுவரை 500 கோடி பீப்பாய்க்கும் மேல் அது கொடுத்திருக்கிறது. இஷ்டத்துக்கு விட்டிருந்தால் அதுவும் ஸ்பிண்டில்டாப்பின் கதிக்கே போயிருக்கும்.

இந்த விவகாரத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் மறுப்பு ஒன்றுதான்: சிறு நிலக்காரர் என்ன செய்வார்? ஒரு ஏக்கர் வைத்திருப்பவரிடம் 467 அடி தள்ளு என்றால் அவருக்கு இடமே இல்லை. விதியை அப்படியே வைத்தால் அவர் பங்கு பெரிய நிலக்காரர் கைக்குப் போய்விடும். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை விலக்கு அல்ல. விலக்கு எங்கே முடியும் என்பதற்கு நார்மானா என்ற எரிவாயு வயல் உதாரணம். அங்கே ஒரு துண்டு நிலத்தின் பரப்பு 0.3 ஏக்கர். வயலின் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கை நிலப் பரப்பைப் பார்க்காமல் கிணற்றுக்கு இவ்வளவு என்று பிரித்ததால், அந்தத் துண்டின் கிணறு தன் அடியில் இருப்பதைப் போல் பல மடங்கு எடுத்திருக்கும். சிறியவரைக் காக்கிறோம் என்று சொல்லி, சிறியவர் பெயரில் பக்கத்து நிலங்களைச் சுரண்டும் ஏற்பாடு. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1961-ல் அந்தச் சூத்திரத்தை ரத்து செய்தது. 1965-ல் சிறு நிலங்களை ஒரே கிணற்றின் கீழ் கட்டாயமாக ஒன்றுசேர்க்கும் சட்டம் வந்தது. கிணறு யார் நிலத்தில் இருந்தாலும், அவரவர் பரப்புக்கு ஏற்ப அவரவருக்குப் பங்கு. ஒரு ஏக்கர்காரர் கடன் வாங்கிக் கிணறு போட வேண்டியதில்லை; அவர் பங்கு வீடு தேடி வரும். சிறியவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எது?

இது பழைய கதை, இன்றைய பொறியாளர்களுக்கு எல்லாம் தெரியும், சந்தையே பார்த்துக்கொள்ளும் என்பார்கள். ஆனால் 2019-ல் அமெரிக்காவின் பெர்மியன் எண்ணெய்ப் படுகையில் காஞ்சோ ரிசோர்சஸ் நிறுவனம் டாமினேட்டர் என்ற திட்டத்தில் 23 கிணறுகளை நெருக்கி நெருக்கிப் போட்டது. எதிர்பார்த்த எண்ணெய் வரவில்லை. இடைவெளி போதவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஒரே நாளில் பங்கு விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. சொந்தக் குத்தகை நிலத்துக்குள்ளேயே கணக்குத் தப்புகிறது என்றால், எல்லைக்கு அப்பால் உள்ளவருக்கு நேரும் நட்டத்தை யார் கணக்குப் பார்ப்பார்கள்? அளவுக்கு மீறிப் போட்ட கிணறுகளின் செலவும் பொதுமக்கள் தலையில்தான் விழுகிறது. அமெரிக்காவில் உரிமையாளரே இல்லாமல் கைவிடப்பட்டு, பதிவில் உள்ள கிணறுகள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றை மூட 2021-ல் அந்நாட்டு அரசு ஒதுக்கிய தொகை 470 கோடி டாலர்.

இந்தியாவில் நிலத்தடி எண்ணெய் அரசுக்குச் சொந்தம். ஆகவே இந்தச் சண்டை நமக்கில்லை என்று இருந்துவிட முடியாது. மனைக்குப் பதில் இங்கே எண்ணெய், எரிவாயு எடுக்க நிறுவனங்களுக்கு அரசு பிரித்துக் கொடுக்கும் வட்டாரங்கள், அவ்வளவுதான் வேறுபாடு. கிருஷ்ணா கோதாவரி ஆழ்கடலில் ரிலையன்ஸின் வட்டாரமும் ஓ.என்.ஜி.சி.யின் வட்டாரங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. தன் பக்கத்து வாயு எல்லை தாண்டிப் போகிறது என்று ஓ.என்.ஜி.சி. 2013-ல் எழுப்பிய புகாரை ஆராய்ந்த அமெரிக்க ஆலோசனை நிறுவனம், வாயு இடம்பெயர்ந்தது உண்மை என்று 2015-ல் அறிக்கை கொடுத்தது. மத்திய அரசு 155 கோடி டாலர் கேட்டது. தன் எல்லைக்குள்ளேயே துளையிட்டோம், தவறேதும் செய்யவில்லை என்பது ரிலையன்ஸின் வாதம். 2018-ல் நடுவர் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2023-ல் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை ஏற்றார். 2025-ல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் துளையிடும் முன் தீர்த்திருக்க வேண்டிய கேள்வியைப் பத்தாண்டுக்கும் மேல் வழக்கறிஞர்கள் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் வாயு எடுத்தும் ஆயிற்று, எரித்தும் ஆயிற்று.

ஆகவே தூர விதிகளைத் தளர்த்தச் சொல்லும் குரலுக்கு அரசு செவி கொடுக்கக் கூடாது. தேவைப்படுவது நேர்மாறானது. எல்லையை ஒட்டிய ஒவ்வொரு கிணற்றுக்கும் துளையிடும் முன்பே பக்கத்து உரிமையாளருக்கு அறிவிப்பும் நிலவியல் தரவும் போக வேண்டும். ஒரே தேக்கம் இரண்டு வட்டாரங்களில் பரவியிருப்பது தெரிந்தால், பங்கைப் பிரித்துக்கொண்டு ஒரே அலகாக எடுக்கும்வரை எல்லைப் பகுதியில் யாரும் துளையிடக் கூடாது. படுக்கைவாட்டில் கிலோமீட்டர் கணக்கில் போகும் கிணறுகளுக்கு, தூரத்தை மேலே உள்ள கிணற்று வாயிலிருந்து அளக்காமல், கீழே எண்ணெய் உள்ளே வரும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். விலக்குக் கேட்பவர், பக்கத்துக்காரரோடு சேர்ந்து எடுக்க ஏன் முடியவில்லை என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும்.

தமிழ்நாடும் இதில் பார்வையாளராக இருந்துவிட முடியாது. நிலத்தடி நீருக்கென 2003-ல் ஒரு சட்டம் இயற்றி, நடைமுறைக்குக் கொண்டுவராமலேயே 2013-ல் அதைக் கைவிட்ட மாநிலம் இது. எண்ணெய்க்கு வந்த அறிவு தண்ணீருக்கும் வர வேண்டும். பிடித்தவனுக்கே சொந்தம் என்ற சட்டம் வலுத்தவனுக்கு மட்டுமே சொத்து சேர்க்கும். இளைத்தவரின் பங்கையும், இன்னும் பிறக்காதவர்களின் பங்கையும் சேர்த்துக் காப்பது எல்லையிலிருந்து தள்ளி நில் என்ற விதிதான். அதை உரிமைப் பறிப்பு என்று இனியும் சொல்பவரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் கேட்பது தன் எண்ணெயை எடுக்கும் உரிமையா, பக்கத்துக்காரர் எண்ணெயை எடுக்கும் உரிமையா?