மன்னாரின் பறவைகளும் கொழும்பின் கணக்கும்

மாரியில் மன்னாருக்குப் பறவை பார்க்கப் போவது கொழும்பில் இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. நானும் போனவன்தான். தை மாதத்து விடியலில் தாம்போதியில் நின்றால் இருபுறமும் ஆழமற்ற நீர்; ஊசிவால் வாத்துகள், உள்ளான்கள், தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகப் பூநாரைகள். அன்று கமெராவுடன் வந்த ஒருவர், பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டி அவற்றைக் கலைத்தார். இரைதேடி வந்த பறவைகள் எழுந்து போயின. அவருக்குப் படம் கிடைத்தது.

எனினும் என் கோபம் அவர்மீதல்ல, "நாலு பறவைகளுக்காக நாட்டின் மின்சாரத்தை இழப்பதா?" என்று எழுதும் பேனாக்கள்மீதுதான். அந்தக் கேள்வியே பொய்யானது. காற்று மின்சாரம் வேண்டாமென்று மன்னாரில் எவரும் சொல்லவில்லை. சுமார் 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவில், 103.5 மெகாவாட் வலுவுடைய 30 காற்றாடிகள் கொண்ட 'தம்பபவனி' 2020 டிசம்பரிலேயே திறக்கப்பட்டது. இன்னும் எத்தனை என்பதே அவர்களது கேள்வி. காற்று புத்தளத்திலும் வீசுகிறது, அம்பேவெல மலையிலும் வீசுகிறது. மத்திய ஆசிய வலசைப் பாதையின் வாசலிலேயே நட்டாக வேண்டுமா? மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட ஒரு கடற்காகம் 2021இல் ரஷ்யாவின் யமால் தீபகற்பம்வரை பறந்து சென்றது. வங்காலை 2008இல் சரணாலயமானது, 2010இல் ராம்சார் ஈரநிலமானது. அந்தக் கடிதங்களில் ஒப்பமிட்டதும் இதே அரசுதான்.

மன்னாரில் மலை கிடையாது. மணல்மேடுகளே அதன் மலைகள். மழைநீரைத் தேக்கிக் கிணறுகளுக்கு நன்னீர் தருபவை அவை. இப்போது இல்மனைட்டுக்காக அவற்றின்மீதும் கண் விழுந்திருக்கிறது. காற்றாடிகளுக்கான வீதிகள் வெள்ளம் வடியும் வழிகளை மறித்துவிட்டன என்கிறார்கள் ஊரார். கரைவலை மீன் குறைந்துவிட்டது என்கிறார்கள் கடற்றொழிலாளர்கள். பறவை இறங்கும் நீரும் அவர்கள் வலை வீசும் நீரும் ஒன்றே. பறவையா மனிதனா என்ற பிரிவினை கொழும்பில்தான் இருக்கிறது.

2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகியபோது பறவைகள் வென்றன என்று சிலர் கொண்டாடினர். சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றம் சென்றது உண்மை. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் நிறுவனம் போனது புதிய அரசு மின்விலையைக் குறைக்கக் கேட்ட பின்னர். பூநாரைக்காக எவரும் ஒரு சதத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறொரு திட்டத்துக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் அமர்ந்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலைகளை நிறுத்தினார். செப்டெம்பரில் காற்றாடிப் பாகங்கள் பொலிஸ் காவலுடன் வந்தன.

அந்த இரவுகளில் தாம்போதிக்குப் படமெடுக்க வந்த எத்தனை பேர் அவர்களோடு அமர்ந்தார்கள்? அடுத்த தையில் வருபவர்கள் பூநாரையைப் பார்த்த கையோடு ஊர்க் கூட்டத்துக்கும் ஒருதரம் போய், பின்வரிசையிலாவது அமர்ந்து கேட்கட்டும்.